கல்லீரல் புற்றுநோயாளிக்கு எவ்வளவு ஆற்றல் தேவை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய்ப் பிரிவில் உணவியல் நிபுணராகப் பணியாற்றுகிறேன். கல்லீரல் புற்றுநோயோடு வருபவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை கலோரி, இத்தனை கிராம் புரதம் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பேன். நோயாளி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அவரோடு வந்தவர் மட்டும் கதவு வரை போய்த் திரும்பி வந்து, “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று கேட்பார். அப்படிக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கான எண்ணை அவரை நேரில் பார்க்கும் மருத்துவரும் உணவியல் நிபுணரும்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவும்.

கலோரி, கிலோ கலோரி இரண்டும் ஒன்றா?

பேச்சில் நாம் கலோரி என்று சொல்வது கிலோ கலோரியைத்தான். இந்தப் பக்கத்திலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ சுமார் 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 தரும்.

நாள் முழுவதும் படுத்தே இருக்கிறார். அவருக்கு எதற்கு இவ்வளவு சாப்பாடு?

படுத்திருந்தாலும் இதயம் துடிக்கிறது, மூளை விழித்திருக்கிறது, சிறுநீரகம் வடிகட்டுகிறது. இதற்கெல்லாம் ஆகும் செலவை ஓய்வுநிலை ஆற்றல் செலவு என்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளின் மொத்தச் செலவில் பெரும்பகுதி இதுதான். நடப்பதும் மாடி ஏறுவதும் அதற்கு மேல் வரும் சிறு பகுதி.

உறுப்புக்கு உறுப்பு இந்தச் செலவு வேறுபடும். ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்குச் சுமார் 13 கலோரி எரிக்கும், ஒரு கிலோ கொழுப்பு சுமார் 4.5 கலோரி. ஒரு கிலோ கல்லீரலோ சுமார் 200 கலோரியும், மூளை 240-உம், இதயமும் சிறுநீரகமும் தலா 440-உம் எரிக்கின்றன. கை காலை அசைக்காமல் படுத்திருப்பவருக்குள்ளும் அடுப்பு அணைவதில்லை. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டியைப் பற்றிய கேள்வியில் மீண்டும் தேவைப்படும்.

சரி, எப்படித்தான் கணக்குப் போடுகிறீர்கள்?

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, எடையை ஒரு எண்ணால் பெருக்குவது: கிலோவுக்கு 25, 30 அல்லது 35 கலோரி. நொடியில் முடிந்துவிடும். இரண்டாவது, எடை, உயரம், வயது, பாலினம் நான்கையும் வைத்துச் சூத்திரத்தில் ஓய்வுநிலைச் செலவைக் கண்டு, அன்றாட நடமாட்டத்துக்காக ஒரு எண்ணால் பெருக்குவது. மூன்றாவது, மூச்சை அளந்து ஓய்வுநிலைச் செலவை நேரடியாகக் கண்டுபிடிப்பது.

சூத்திரங்களில் பழையது ஹாரிஸ்–பெனடிக்ட். 1919-இல் வெளிவந்தது. 136 ஆண்கள், 103 பெண்கள், 94 பச்சிளங்குழந்தைகளிடம் எடுத்த அளவுகள் அந்த ஆய்வில் இருந்தன. 1990-இல் வந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் 498 பேரின் அளவுகளை வைத்து உருவானது. இரண்டுமே நலமாக இருந்தவர்களின் உடலைப் பார்த்து எழுதப்பட்டவை. வயிற்றில் நீர் கோத்து, தோள் தசை கரைந்து, கல்லீரலில் கட்டியோடு இருக்கும் ஒருவரை அந்தச் சூத்திரங்கள் பார்த்ததே இல்லை. எனவே அவை தரும் விடையைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எடைக் கருவி 68 காட்டியது. நீங்கள் ஏன் 58 என்று எழுதினீர்கள்?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கணக்கு தவறிப்போகும் இடமும் பெரும்பாலும் இதுதான்.

கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் ஏற்கெனவே சிரோசிஸால் தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலில்தான் வருகிறது. அப்படிப்பட்ட கல்லீரல் உள்ளவருக்கு வயிற்றுக்குள் நீர் சேரும், காலில் வீக்கம் வரும். அந்த நீருக்கும் எடை உண்டு. ஆனால் அது ஒரு கலோரியைக்கூட எரிப்பதில்லை. நீரையும் சேர்த்துக் கிலோவுக்கு இத்தனை என்று பெருக்கினால், இல்லாத உடலுக்கு உணவு எழுதியதாகிவிடும். அதைவிட மோசமாக, மெலிந்து கிடக்கும் ஒருவர் காகிதத்தில் நல்ல எடையோடு இருப்பதாகத் தெரிவார்.

அதனால் உலர் எடையைத் தேடுகிறோம். வயிற்று நீரை ஊசி வைத்து எடுத்தவுடன் பார்த்த எடை இருந்தால் அதுவே நல்லது. நீர் கோப்பதற்கு முன் பார்த்த எடை பழைய மருத்துவக் கோப்பில் இருந்தால் அதுவும் உதவும். இரண்டும் இல்லையென்றால் கழித்தல் முறை: வயிற்று நீர் குறைவாக இருந்தால் 5 சதவீதம், நடுத்தரமாக இருந்தால் 10, மிக அதிகமாக இருந்தால் 15. இரண்டு கால்களிலும் வீக்கம் இருந்தால் மேலும் 5. ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் இந்த முறையைத்தான் சொல்கிறது. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுப்பேன். விரல் பதிந்த குழி உடனே நிரம்பாமல் அப்படியே நின்றால், அங்கே இருப்பது நீர்.

எங்கள் அப்பாவுக்குப் போட்ட கணக்கை ஒரு முறை படிப்படியாகக் காட்டுங்கள்.

58 வயது ஆண், உயரம் 165 செ.மீ., கருவியில் 68 கிலோ, வயிற்று நீர் நடுத்தரம், இரு கால்களிலும் வீக்கம் என்று வைத்துக்கொள்வோம். 10-உம் 5-உம் சேர்த்து 15 சதவீதம் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 57.8 கிலோ. நீரோடு பார்த்தால் அவருடைய உடல் நிறை குறியீட்டெண் 25. நீரைக் கழித்தால் 21. பருமனின் விளிம்பில் இருப்பதாகத் தெரிந்தவர், அளவான உடல்வாகு கொண்டவராக ஆகிவிட்டார்.

இனி ஹாரிஸ்–பெனடிக்ட். ஆண்களுக்கு: 66.47 + (13.75 × எடை) + (5.003 × உயரம்) − (6.755 × வயது). எண்களைப் பொருத்தினால் 66.5 + 794.8 + 825.5 − 391.8, ஏறக்குறைய 1,295 கலோரி. மிஃப்ளின் சூத்திரத்தில் போட்டால் 1,324. இவர் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதிகம் நடமாடாத கல்லீரல் நோயாளிக்கு ஓய்வுநிலைச் செலவை 1.3-ஆல் பெருக்குவது வழக்கம். 1,295 × 1.3 = 1,684.

கிலோ கணக்கில் போனால், 57.8 × 30 = 1,734. 57.8 × 35 = 2,023. ஆக அவருடைய தேவை 1,700-க்கும் 2,000-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. மெலிந்துகொண்டே வந்தவர் என்றால் மேல் எல்லையைக் குறிவைப்பேன். நீரைக் கழிக்காமல் 68-ஐ 35-ஆல் பெருக்கியிருந்தால் 2,380 வந்திருக்கும். பசியே இல்லாதவரிடம் அப்படி ஒரு எண்ணைக் கொடுத்தால், “என்னால் முடியாது” என்று முயற்சியையே கைவிட்டுவிடுவார்.

ஒரு மருத்துவமனையில் 1,500 என்றார்கள், இன்னொன்றில் 2,000 என்றார்கள். யாரை நம்புவது?

இருவருமே சரியான புத்தகத்தைப் பார்த்திருக்கலாம். பொதுவாகப் புற்றுநோயாளிகளுக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி என்று ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் சொல்கிறது. சிரோசிஸ் உள்ள, பருமன் இல்லாத நோயாளிகளுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 35 கலோரி என்று மேலே சொன்ன 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. கல்லீரல் புற்றுநோயாளி இரண்டு நோய்களையும் ஒரே உடலில் சுமக்கிறார். முதல் கணக்கைப் பார்த்தவர் குறைவாகவும், இரண்டாவதைப் பார்த்தவர் அதிகமாகவும் எழுதுவார்.

நான் முதலில் கல்லீரலின் நிலையைப் பார்ப்பேன். தழும்பு இல்லாத கல்லீரலில் கட்டி மட்டும் இருந்தால் 25 முதல் 30-க்குள் தொடங்கலாம். சிரோசிஸ் இருந்தால், அதிலும் நீர் கோத்து, தசை குறைந்திருந்தால் 35 பக்கம் போவேன். இன்னொன்றையும் கேளுங்கள்: அந்த இரண்டு இடங்களிலும் எந்த எடையை வைத்துக் கணக்கிட்டார்கள்? பல சமயம் முரண்பாட்டின் வேர் அங்கேதான் இருக்கும்.

கிலோவுக்கு 35 போட்ட பிறகு, நோய்க்கென்று இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டாமா?

வேண்டாம். கிலோவுக்கு 35 என்பதிலேயே நடமாட்டமும் நோயின் சுமையும் அடங்கிவிட்டன. அதை மீண்டும் 1.2, 1.3 என்று பெருக்கினால் ஒரே செலவை இரண்டு முறை எழுதியதாகும். பெருக்கும் எண் தேவைப்படுவது சூத்திரத்தாலோ கருவியாலோ கிடைத்த ஓய்வுநிலைச் செலவுக்கு மட்டும்தான். கைபேசிச் செயலிகளில் கணக்கிடுபவர்கள் இதில் அடிக்கடி தடுமாறுகிறார்கள். அந்தச் செயலிகள் உலர் எடையைக் கேட்பதும் இல்லை.

மூச்சை அளக்கும் கருவி இருக்கிறதாமே. அதிலேயே எல்லோருக்கும் பார்த்துவிடலாமே?

பார்க்க முடிந்தால் அதுதான் சிறந்தது. உடல் எதை எரித்தாலும் ஆக்சிஜனை உள்ளிழுத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று அளந்தால் எரிந்த ஆற்றலைக் கணக்கிடலாம். இதற்கான வீர் சூத்திரம் 1949-இல் வந்தது. நோயாளி வெறும் வயிற்றோடு, அரை மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, தலைக்கு மேல் ஒளி ஊடுருவும் கவிகையை வைத்து அளப்பார்கள். தூங்கிவிடக் கூடாது, பேசக் கூடாது, அசையக் கூடாது.

மேலே பார்த்த அதே 58 வயதுக்காரர் நிமிடத்துக்கு 220 மி.லி. ஆக்சிஜன் எடுத்து 165 மி.லி. கார்பன் டை ஆக்சைடு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். (3.941 × 220) + (1.106 × 165) = 1,049.5. இதை 1.44-ஆல் பெருக்கினால் நாளுக்கு 1,511 கலோரி. சூத்திரம் சொன்ன 1,295-ஐ விட இது 17 சதவீதம் அதிகம். அளந்த செலவு சூத்திரம் சொன்னதில் 120 சதவீதத்தைத் தாண்டினால் எரிப்பு மிகுந்த உடல் என்று சொல்வோம். இவர் அந்த எல்லைக்கு அருகில் நிற்கிறார். 1,511 × 1.3 போட்டால் 1,964 வருகிறது. கிலோவுக்கு 35 என்ற கணக்கோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது.

கருவி விலை உயர்ந்தது, பயிற்சி பெற்றவர் வேண்டும், நேரமும் ஆகும். அதனால் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. கணக்கிட்டபடி சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போகிறவர், உலர் எடையை ஊகிக்கவே முடியாதவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர், இவர்களுக்காவது அளந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கட்டியே எல்லாவற்றையும் தின்றுவிடுகிறதா? அப்படியென்றால் சர்க்கரையை நிறுத்திக் கட்டியைப் பட்டினி போடலாமா?

கட்டி ஆற்றலை எடுத்துக்கொள்வது உண்மை. ஆனால் பெரும்பாலும் மெலிவுக்குக் காரணம் கட்டி தின்பது மட்டும் இல்லை. நோயால் உடல் முழுவதும் அழற்சி பரவுகிறது, பசி அடங்கிப்போகிறது, தசை உடைகிறது. ஒரு கிலோ கல்லீரல் 200 கலோரி எரிக்கும், ஒரு கிலோ தசை 13 எரிக்கும் என்று இரண்டாவது பதிலில் சொன்னேன். தசை கரைந்து கல்லீரல் கட்டியோடு பெரிதானவருக்கு, எடை குறைந்தும் செலவு குறையாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சூத்திரத்தில் இதைப் போட இடமே இல்லை.

நோயாளி சாப்பிடுவதை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை குறையும்போது உடல் தன் தசையை உடைத்துச் சர்க்கரை செய்கிறது. கட்டிக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது, நோயாளியின் தோளும் தொடையும்தான் விலை கொடுக்கின்றன. உணவு கொடுப்பதால் கட்டி வேகமாக வளர்கிறது என்பதற்கு மனிதர்களில் நம்பத்தக்க சான்று இல்லை. நீரிழிவு இருப்பவருக்குச் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், அது வேறு விஷயம். தயவுசெய்து இந்தக் காரணத்துக்காக யாரையும் பட்டினி போடாதீர்கள்.

இரவு படுக்கப் போகும்போதும் ஏதாவது சாப்பிடச் சொல்கிறீர்களே, ஏன்?

நலமான கல்லீரல் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்து, இரவு முழுவதும் சிறிது சிறிதாக அவிழ்த்துவிடும். தழும்பேறிய கல்லீரலில் அந்தக் கிடங்கு சிறியது. நள்ளிரவுக்குள் காலியாகிவிடும். அதன் பிறகு உடல் கொழுப்பையும் தசையையும் எடுக்கத் தொடங்கும். 1983-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், சிரோசிஸ் உள்ளவர்கள் ஓர் இரவு சாப்பிடாமல் இருந்த பிறகு, அவர்கள் உடலின் எரிப்பு நலமானவர்கள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததைப் போல இருந்தது தெரியவந்தது.

மூச்சு அளவிலேயே இதைப் பார்க்கலாம். வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுத்த ஆக்சிஜனால் வகுத்தால், மாவுச்சத்தை எரிக்கும் உடலில் 1-க்கு அருகில் வரும், கொழுப்பை எரிக்கும் உடலில் 0.7-க்கு அருகில். முந்தைய எடுத்துக்காட்டில் 165-ஐ 220-ஆல் வகுத்தால் 0.75. ஒரே இரவில் கிடங்கு தீர்ந்துவிட்டது என்று அந்த எண் சொல்கிறது.

அதனால் மொத்தக் கலோரி எவ்வளவோ, அது எந்த நேரத்தில் உள்ளே போகிறது என்பதும் அவ்வளவு முக்கியம். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிரோசிஸ் நோயாளிகளுக்கு 710 கலோரி கொண்ட ஒரே ஊட்டச்சத்துப் பானத்தை ஒரு குழுவுக்குப் பகலிலும் மறு குழுவுக்கு இரவிலும் கொடுத்தார்கள். 12 மாதம் கழித்து, இரவில் குடித்தவர்கள் ஏறக்குறைய 2 கிலோ தசைத் திசுவுக்கு நிகரான புரதத்தைச் சேர்த்திருந்தார்கள். பகலில் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. என் சீட்டில் படுக்கும் நேரத்துக்குச் சுமார் 50 கிராம் மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும் எப்போதும் இருக்கும். காலை எழுந்தவுடன் சாப்பிட வேண்டும் என்று எழுதுவதும் இதற்காகத்தான். பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்க வேண்டாம்.

புரதம் கொடுத்தால் மூளை குழம்பிவிடும் என்றார்களே? நீங்கள் அதிகம் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

கல்லீரல் செயல் குறைந்தால் அம்மோனியா சேர்ந்து குழப்பமும் மயக்கமும் வரலாம். ஒரு காலத்தில் இதற்காகப் புரதத்தைக் குறைத்தார்கள். 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அப்படிக் குறைத்ததால் பயன் இல்லை என்று காட்டியது. அம்மோனியாவை அப்புறப்படுத்துவதில் தசைக்கும் பங்கு உண்டு. புரதத்தைக் குறைத்துத் தசையைக் கரைப்பது, உதவிக்கு வந்த கையை வெட்டுவது போன்றது.

இன்றைய வழிகாட்டுதல் உலர் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். நம் எடுத்துக்காட்டு மனிதருக்கு 69 முதல் 87 கிராம். குழப்பம் வந்துபோகிறவர்களுக்குப் பாலிலும் பயறு வகைகளிலும் உள்ள புரதம் பெரும்பாலும் நன்றாக ஒத்துக்கொள்கிறது. அதை நாள் முழுவதும் பிரித்துக் கொடுங்கள். கலோரி போதாமல் புரதம் மட்டும் கொடுத்தால் உடல் அந்தப் புரதத்தையே எரித்துவிடும். சீட்டில் இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதுவது அதனால்தான்.

நீர் கோத்திருக்கிறது, உப்பே வேண்டாம் என்று சமைக்கிறோம். சரிதானே?

உப்பைக் குறைக்க வேண்டும், அடியோடு நிறுத்த வேண்டாம். பொதுவான அளவு நாளுக்குச் சுமார் 2 கிராம் சோடியம், அதாவது சுமார் 5 கிராம் உப்பு. அதற்கும் கீழே போனால் உணவு வாய்க்குப் பிடிக்காமல், தட்டு பாதியோடு திரும்பி வரும். அப்போது நான் போட்ட கணக்கு காகிதத்தில் மட்டும்தான் நிறைவேறும்.

எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. உடம்பு தேறுகிறது, இல்லையா?

இதைக் கேட்கும்போது முகத்தில் தெரியும் மகிழ்ச்சியை உடைக்க எனக்கு மனமே வராது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஒரு பெண்மணி தன் கணவரை அழைத்து வந்து, “பத்து நாளில் இரண்டு கிலோ” என்று சொன்னார். அவருடைய மேல் கைச் சுற்றளவை நாடாவால் அளந்தேன். முந்தைய முறை 24.5 செ.மீ., அன்று 23.5. மோதிரம் விரலில் சுழன்றது, நெற்றிப்பொட்டு குழிந்திருந்தது, ஆனால் வயிறு பெருத்ததால் இடுப்புப் பட்டையை ஒரு துளை தளர்த்திப் போட்டிருந்தார். கூடிய எடை வயிற்று நீர். தசை குறைந்திருந்தது.

பத்து நாளில் இரண்டு கிலோ தசை யாருக்கும் வளராது. அவ்வளவு வேகமாக எடை ஏறினால் முதலில் நீரைத்தான் சந்தேகிக்க வேண்டும், மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். அதனால்தான் கைச் சுற்றளவு, கைப்பிடி வலிமை, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார ஆகும் நேரம் ஆகியவற்றையும் குறித்துவைக்கிறேன். கட்டிக்காக எடுத்த சிடி ஸ்கேனிலேயே மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளக்க முடியும். அந்த வசதி இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

ரத்தத்தில் ஆல்புமின் குறைவு என்று வந்திருக்கிறது. சாப்பாடு போதவில்லை என்று அர்த்தமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தைச் செய்வதே கல்லீரல். அது பழுதானாலும், உடலில் அழற்சி இருந்தாலும் அளவு இறங்கும். உணவுத் தேவையைக் கணக்கிட நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

முன்பிருந்தே பருமனானவர். இப்போது குறைந்தால் நல்லதுதானே?

கொழுப்பு மட்டும் குறைந்தால் நல்லது. நோயில் குறையும்போது தசையும் சேர்ந்தே போகிறது, அதுதான் கவலை. பருத்த உடலுக்குள் மெலிந்த தசை ஒளிந்திருப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிரோசிஸ் நிலையாக உள்ள பருமனானவர்களுக்கு நாளுக்கு 500 முதல் 800 கலோரி வரை குறைக்கலாம் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் அதே வரியில் புரதத்தை உயரத்துக்கேற்ற எடையில் கிலோவுக்கு 1.5 கிராமுக்கு மேல் வைக்கச் சொல்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும்போது, தானாகவே எடை இறங்கிக்கொண்டிருப்பவருக்கு நான் கலோரியைக் குறைத்து எழுதமாட்டேன்.

குளுக்கோஸ் பாட்டில் ஏறுகிறதே, அது போதாதா?

5 சதவீதக் குளுக்கோஸ் ஒரு லிட்டரில் 50 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. நரம்பு வழிக் குளுக்கோஸ் கிராமுக்கு 3.4 கலோரிதான் தரும். ஆக லிட்டருக்கு 170 கலோரி. 2,000 கலோரிக்கு 11 லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும். அதில் புரதம் ஒரு துளியும் இல்லை. நீர்ச்சத்துக்காகவோ மருந்து ஏற்றவோ அது தேவைப்படலாம், உணவுக்கு அது ஈடாகாது.

பாதி கூடச் சாப்பிட முடியவில்லை. எப்போது குழாய் பற்றி யோசிப்பீர்கள்?

தேவை எவ்வளவு என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. உள்ளே போனது எவ்வளவு என்று கண்டுபிடிப்பது மறு பாதி. வீட்டார் மூன்று நாள் எழுதிய குறிப்பு எனக்குப் பெரிய துணை. பரிமாறியதை எழுதாமல், தட்டில் மிஞ்சியதைக் கழித்து எழுதுங்கள். கணக்கிட்ட தேவையில் 60 சதவீதத்துக்குக் கீழே ஒன்றிரண்டு வாரமாக இருந்தாலோ, ஒரு வாரமாக எதுவுமே சாப்பிடவில்லை என்றாலோ காத்திருக்கக் கூடாது. முதலில் செறிவான பானங்கள், சிறிய வேளைகள். அதுவும் பலிக்காவிட்டால் மூக்கு வழிக் குழாய்.

உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தால் குழாய் போடவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் புடைப்பு மட்டுமே மூக்கு வழிக் குழாய்க்குத் தடை இல்லை. வயிற்றைத் துளைத்துப் போடும் குழாய்தான் நீர் கோத்தவர்களுக்கும் புடைப்பு உள்ளவர்களுக்கும் ஆபத்தானது. முடிவு மருத்துவருடையது.

பத்து நாளாக ஒன்றும் இறங்கவில்லை. இன்றிலிருந்து முழுத் தேவையையும் கொடுத்துவிடலாமா?

கூடாது. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். உயிருக்கு ஆபத்தான நிலை இது. 10 நாளுக்கு மேல் உணவு இல்லாதவர், சில மாதங்களில் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவர், உடல் நிறை குறியீட்டெண் 16-க்குக் கீழே உள்ளவர் ஆகியோருக்குக் கிலோவுக்கு 10 கலோரியில், சிலருக்கு 5-இல்கூடத் தொடங்கி, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டே சில நாட்களில் ஏற்றுவோம். உணவுக்கு முன்பே தயாமின் (வைட்டமின் பி1) கொடுக்கப்படும். முன்பு போட்ட 2,000 தவறில்லை. அது சென்று சேர வேண்டிய இடம், புறப்படும் இடம் வேறு.

கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். இரவு உணவைப் பற்றி நீங்கள் சொன்னது என்ன ஆவது?

சிகிச்சைக்கு முன் எவ்வளவு நேரம் சாப்பிடக் கூடாது என்பதைச் சிகிச்சைக் குழுதான் சொல்ல வேண்டும், அதை மீறாதீர்கள். ஆனால் கேளுங்கள்: “கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிடலாம்? முதல் ஆளாக எடுத்துக்கொள்ள முடியுமா?” தேவைக்கு மேல் நீளும் பட்டினிக்குப் பல சமயம் காரணம் வரிசைதான். சிகிச்சை தள்ளிப்போனால் அன்றே சாப்பிட வைக்க வேண்டும்.

அந்தச் சிகிச்சைக்குப் பிறகு சில நாள் காய்ச்சலும் வலியும் குமட்டலும் வரலாம். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் எரிப்பு சுமார் 10 சதவீதமோ சற்று அதிகமோ கூடும். செலவு கூடும் அதே நாட்களில்தான் உணவும் குறைகிறது. அந்த நாட்களில் முழு எண்ணை எட்டுவதற்குப் போராட வேண்டாம். அடுத்த வாரம் மீண்டும் ஏறிவிடுகிறாரா என்று பாருங்கள். சோராஃபெனிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகளில் வயிற்றுப்போக்கும் பசியின்மையும் தொடர்ந்து வரலாம், அவர்களுக்குக் கணக்கை அடிக்கடி திருப்பிப் பார்க்க வேண்டும்.

இனி சிகிச்சை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் கலோரி எண்ண வேண்டுமா?

வாழ்வின் இறுதி வாரங்களில் பசி அடங்குவது நோயின் போக்கு. ஊட்டி விடுவதால் அந்தப் போக்கு மாறுவதில்லை. வற்புறுத்தினால் குமட்டலும் சண்டையும்தான் மிஞ்சும். “நாங்கள் சாப்பிட வைக்காததால்தான் போய்விட்டார்” என்று பிறகு வருந்திக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் குற்றவாளிகள் இல்லை.

அந்த நாட்களில் நான் எடை பார்ப்பதை நிறுத்திவிடுவேன். உப்புக் கட்டுப்பாட்டையும் மருத்துவரிடம் பேசித் தளர்த்துவேன். வாய் உலராமல் ஈரமாக வைத்திருப்பது எப்படி என்று வீட்டாருக்குச் செய்து காட்டுவேன். சீட்டில் கலோரிக்கான இடத்தைக் காலியாக விட்டு, “கேட்டது, கேட்ட நேரத்தில், கேட்ட அளவு” என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறேன்.